மரப்பரணையும் சொல்லியிருக்கலாம்

மான் வேட்டைக்குத் தயாராவது பற்றிய கட்டுரையில் துப்பாக்கி, தோட்டா, உடை எல்லாம் விவரமாக இருக்கிறது. மானுக்காகக் காத்திருக்க மரத்தில் உயரமாகக் கட்டும் மேடையான மரப்பரண் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று வருத்தமாக இருந்தது. டெக்சாஸில் 12 வருடமாக வேட்டைக்குப் போகிறேன். என் நண்பர் பரணில் ஏறும்போது உடம்பை மரத்தோடு பிணைக்கும் பாதுகாப்பு வார் பைக்குள்ளேயே கிடந்தது. பனியில் நனைந்திருந்த ஏணிப்படி வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்தது. தரையிலிருந்து காலை எடுக்கும்போதே வாரை மாட்டிவிடுங்கள். மேலே போய் உட்கார்ந்த அப்புறம், குண்டு போடாத துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்கள் இங்கே வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். காகித உரிமம் என்றால் மான் விழுந்த உடனே உரிமத்தோடு வரும் சீட்டில் அன்றைய தேதியை வெட்டிக் குறித்து, அதை மானின்மேல் கட்டிவிட வேண்டும்.

சுட்டதும் அவசரப்பட்டு இறங்காதீர்கள், அரை மணி நேரமாவது பொறுங்கள். ரத்தத்தில் நுரை தெரிந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, மான் பக்கத்திலேயே கிடக்கும். பச்சைத் தழைக்கூழ் தெரிந்தால் வயிற்றில் பட்டது. பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். துரத்தினால் அது புதருக்குள் வெகுதூரம் ஓடி, வேதனையோடு சாகும். அப்படி ஒன்றைத் தேடாமல் வீடு திரும்புவதை என்னால் ஏற்கவே முடியாது. போன வருடம் இரவு 11 மணிவரை டார்ச்சோடு தேடித்தான் ஒரு மானைக் கண்டுபிடித்தோம்.