அந்தக் கதவு ஆரின்ர செலவு?

ஏலாத ஆக்களுக்கு ஏத்த மாதிரி வீட்டை மாத்திக் கட்ட இங்கிலாந்தில கவுன்சில் தாற கிராண்டை (உதவிக்காசு) அப்பாவுக்காகக் கேட்டு, இரண்டு பில்டரின்ர கொட்டேஷனும் அனுப்பியிருந்தம். இண்டைக்குக் காலமை கவுன்சிலில இருந்து ஈமெயில். இரண்டு கொட்டேஷனும் ஒண்டோடொண்டு ஒப்பிடக்கூடிய மாதிரி இல்லையாம், திருத்தி அனுப்பட்டாம். ஏனெண்டால் ஒரு பில்டர் கதவை வெற் ரூம் (தரையில படி, தடுப்பு இல்லாத ஷவர் அறை) தாளில எழுதியிருக்கிறார், மற்றவர் படுக்கையறைத் தாளில எழுதியிருக்கிறார். ஒரு கதவு! 926 மில்லிமீற்றர் அகலத்தில ஒரு கதவு! அதுக்காக எல்லாத் தாளும் திரும்பி வந்திருக்கு.

கிராண்டையும் சொந்தக் காசையும் சேர்த்து ஒரு வேலை செய்ய வெளிக்கிட்ட ஆருக்கும் இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உங்களிட்டையும் ஒரு கதவு இருந்திருக்கும். இல்லாட்டில் ஒரு சுவர், ஒரு கழிவுப் பைப், ஒரு யன்னல்.

எங்கட வேலை இதுதான். வீட்டுக்குப் பின்னால ஒரு எக்ஸ்டென்ஷன், அதுக்குள்ள அப்பாவுக்கு ஒரு படுக்கையறை, ஒரு வெற் ரூம். ஒரே அத்திவாரம், ஒரே கூரை. படுக்கையறை எங்கட காசு, வெற் ரூம் கிராண்ட். முன்ஹோலில கட்டில் போட்டிருக்கிறியள், படுக்க இடம் இருக்கு, அதால படுக்கையறைக்குத் தரமாட்டம் எண்டு கவுன்சில்காரர் சொன்னவை. வெற் ரூமுக்கு மட்டும், தங்கட திட்டப்படி செய்தால் என்ன செலவு வருமோ அந்தளவைத் தாறம் எண்டிச்சினம். வாற போற ஆக்களுக்கு முன்னால, ஒரு திரைச்சீலைக்குப் பின்னால ஒரு வயசு போன மனிசன் கொமோட்டில இருக்கிற ஹோலைப் பாத்திட்டு "படுக்க இடம் இருக்கு" எண்டு எழுதினவையை நான் மறக்கமாட்டன். ஆனாலும் ஒத்துக்கொண்டம். எங்கட பங்கை நாங்கள் போடுறம் எண்டம்.

இனி அந்தக் கதவு. அது படுக்கையறைக்கும் வெற் ரூமுக்கும் நடுவில வருது. அதை விட்டால் வெற் ரூமுக்குப் போக வேற வழி இல்லை. ஈமெயிலைப் பாத்த உடனே ஃபோன் எடுத்தன். கவுன்சில் சர்வேயர் கேக்கிறார், கதவு எந்தப் பக்கம் திறக்குது எண்டு. படுக்கையறைப் பக்கம் எண்டன். ஏன் அந்தப் பக்கம்? உள்ளுக்குத் திறந்தால், அப்பா விழுந்து கதவுக்குக் குறுக்க கிடந்தால் ஒருத்தரும் உள்ளுக்குப் போக ஏலாது, உங்கட ஓ.டி (ஏலாத ஆளுக்கு வீட்டில என்ன மாற்றம் வேணும் எண்டு பாக்கிற தெரபிஸ்ட்) தான் அப்பிடி எழுதித் தந்தவ எண்டன். "அப்ப கதவு படுக்கையறைக்குள்ள வருது" எண்டார். திறக்கேக்க வருது எண்டன். "அப்ப அது உங்கட பிரைவேற் வேலை" எண்டார். அந்தக் கதவு இல்லாமல் அப்பா என்னெண்டு குளிக்கப் போறது எண்டு கேட்டன். "வெற் ரூமுக்குக் கதவு வேணும்தான்" எண்டார். அப்ப கிராண்டில வருமோ? "இரண்டு பில்டரும் ஒரே மாதிரி எழுதவேணும்." எந்த மாதிரி எழுதவேணும்? "அதை நாங்கள் சொல்ல ஏலாது, கொட்டேஷன் பில்டரின்ரது."

பில்டருக்கு அடிச்சன். "அண்ணை, அவை எந்தத் தாளில கேக்கினமோ அந்தத் தாளில எழுதித் தாறன், எனக்கு இரண்டும் ஒண்டுதான், கேட்டுச் சொல்லுங்கோ" எண்டார். திரும்பக் கவுன்சிலுக்கு அடிச்சால் சர்வேயர் வெளியில போட்டாராம். பின்னேரம் இன்னொரு ஈமெயில். கதவு, நிலை, பிணைச்சல், கைபிடி எல்லாத்தையும் தனித்தனி வரியா எழுதட்டாம். கதவுக்கு அடிக்கிற பெயின்றில வெற் ரூம் பக்கம் எவ்வளவு, படுக்கையறைப் பக்கம் எவ்வளவு எண்டும் பிரிச்சுக் காட்டட்டாம். நான் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசிச்சன். கதவின்ர ஒரு பக்கத்துப் பெயின்றுக்குக் கவுன்சில் காசு, மற்றப் பக்கத்துக்கு என்ர காசு. இதை ஒரு மனிசன் யோசிச்சு, ரைப் பண்ணி, அனுப்பியிருக்கிறான்.

சட்டத்தில என்ன இருக்கு எண்டு நாங்களும் வாசிச்சனாங்கள். இந்த கிராண்டைத் தாற 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்ர 23ஆம் பிரிவில, குளிக்கிற அறையைச் செய்து குடுக்கிறது மட்டுமில்லை, ஏலாத ஆள் அந்த அறைக்குப் போறதுக்கு வழி செய்யிறதும் கிராண்டுக்குள்ள வரும் எண்டு இருக்கு. போறதுக்கு வழி! கதவை விட வேற என்ன வழி? கதவு எந்தப் பக்கம் திறக்குது எண்டு அந்தப் பிரிவு கேக்கேல்லை.

ஒரு கதவுக்காக ஏன் இவ்வளவு கத்துறாய், காசைக் குடுத்துப் போட்டு விடன் எண்டு தங்கச்சி கேட்டவள். காசு இல்லைப் பிரச்சினை. நேரம்தான் பிரச்சினை. விண்ணப்பம் முழுசாக் கிடைச்சால் ஆறு மாதத்துக்குள்ள ஓம் எண்டோ இல்லை எண்டோ கவுன்சில் சொல்லவேணும், அது சட்டம். ஆனால் விண்ணப்பம் முழுசு எண்டு ஆர் சொல்லுறது? அவைதான். கதவு சரியா எழுதப்படேல்லை எண்டால் விண்ணப்பம் முழுசில்லை, விண்ணப்பம் முழுசில்லை எண்டால் அந்த ஆறு மாதம் இன்னும் தொடங்கவே இல்லை. கதவு முடிய யன்னலைப் பிடிப்பினம். யன்னல் முடியக் கூரையில எத்தினை சதுர மீற்றர் ஆரின்ரது எண்டு கேப்பினம். அவைக்கு ஓடாத மணிக்கூடு எங்களுக்கு மட்டும் ஓடும்: கிராண்ட் சரி வந்த நாளில இருந்து 12 மாதத்துக்குள்ள நாங்கள் வேலையை முடிக்கவேணும்.

அதுவரைக்கும் மண்வெட்டி போட ஏலாது. கிராண்ட் சரி எண்டு கடிதம் வர முதல் அந்த வேலையைத் தொடங்கினால் தரமாட்டினம், அதுவும் 29ஆம் பிரிவில இருக்கு. தக்க காரணம் இருந்தால் விதிவிலக்கு உண்டுதான், ஆனால் அதைக் கவுன்சில் ஏற்கவேணும். கதவுக்கே இந்தப் பாடு எண்டால் அதை நம்பி ஆர் கிண்டுறது? எங்கட பங்கை மட்டும் தொடங்கலாம்தானே எண்டு கேட்டன். தொடங்கலாமாம், கிராண்ட் வேலையைத் தொடாமல். ஒரே அத்திவாரத்தில என்னெண்டு தொடாமல் கிண்டுறது? பாதிக் கிடங்கு கிண்டி, பாதிக் கொங்கிறீற் ஊத்தி, கடிதம் வரும் வரைக்கும் மழை தண்ணிக்குள்ள விடுறதோ? பில்டர் எங்களுக்கெண்டு வைச்ச கிழமைகளை இப்ப வேற வீட்டுக்குக் குடுத்திட்டார். அவரைக் குறை சொல்ல ஏலாது, அவருக்கும் வேலையாக்களுக்குச் சம்பளம் குடுக்கவேணும்.

வற் வரியும் இதே கதைதான். ஏலாத ஆளுக்காக வெற் ரூம் செய்தால் வற் இல்லை. படுக்கையறைக்கு 20 வீதம். வீட்டில இருக்கிற வாசலை அகட்டினால் வற் இல்லை, புது வாசல் வைச்சால் அந்தச் சலுகை இல்லை. அதால அந்தக் கதவு எந்தத் தாளில வருது எண்டதைப் பொறுத்து வரியும் மாறும். கவுன்சில் ஒரு முடிவு சொல்லாமல் பில்டர் பில் போட ஏலாது.

இதெல்லாம் எவ்வளவு காசுக்கு? இங்கிலாந்தில ஆகக்கூடின கிராண்ட் 30,000 பவுண்ஸ். 2008இல இருந்து அதே 30,000. வேல்ஸில 36,000. 2008இல ஒரு பை சீமெந்து என்ன விலை, இப்ப என்ன விலை? அந்தக் காசு காணாது எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சபடியால்தான் என்னை மாதிரி ஆக்கள் சொந்தச் சேமிப்பைக் கொண்டு வருகினம். அதோட வீடு என்ர பேரில, கிராண்ட் 5,000க்கு மேல போனால் கவுன்சில் வீட்டின்ர பத்திரத்தில ஒரு சார்ஜும் (கடன் பொறுப்பு) போட்டு வைக்கலாம், பத்து வருசத்துக்குள்ள வித்தால் 10,000 வரைக்கும் திருப்பிக் கேக்கலாம். போடட்டும், நான் விக்கப் போறதில்லை. ஆனால் தன்ர காசையும் போட்டு, கவுன்சிலுக்கு வாற பாரத்தையும் குறைக்கிறவனுக்கு, ஒரு சதமும் போடாமல் இருந்தவனை விடக் கூட அலைச்சல் ஏன்? நான் படுக்கையறையைக் கேக்காமல் விட்டிருந்தால், அவையின்ர கொன்றாக்டர் அவையின்ர திட்டப்படி சாப்பாட்டறையை உடைச்சு, இதுக்கிடையில அப்பா குளிச்சிருப்பார்.

பாரிசவாதம் வந்தாப்பிறகு அப்பா ஒரு நாளும் ஷவருக்குக் கீழ இருந்து குளிக்கேல்லை. அம்மா பேசினில சுடுதண்ணி கொண்டு வந்து துவாயால துடைச்சு விடுறா. அம்மாவின்ர முழங்கால் எப்பிடி இருக்கெண்டு எனக்குத் தெரியும். ஊரில கிணத்தடியில வாளி வாளியா அள்ளி ஊத்திக் குளிச்ச மனிசன். முந்தி அடிக்கடி கேப்பார், எப்ப தம்பி வேலை தொடங்குறது எண்டு. இப்ப கேக்கிறேல்லை. அவர் கேக்காமல் விட்டதுதான் எனக்குக் கூடக் கோபம்.

நாளைக்கு இரண்டு பில்டரையும் ஒரே நேரத்தில ஃபோனில வைச்சு, இரண்டு பேரும் வெற் ரூம் தாளில எழுதுங்கோ எண்டு சொல்லப் போறன். 23ஆம் பிரிவையும் மேல ஒட்டி, சர்வேயருக்கும் அவருக்கு மேல இருக்கிறவருக்கும் சேர்த்து அனுப்பப் போறன். மாட்டம் எண்டால் ஏன் எண்டு எழுத்தில தரட்டும். உங்களில ஆருக்கும் கதவைக் கிராண்டில போட்டுத் தந்திருந்தால் அந்த ஷெடியூலை (வேலைப் பட்டியல்) எனக்கு அனுப்புங்கோ, காட்டுறன்.

மற்றது, எங்கட வீட்டு வாசலில இருக்கிற டிசேபிள்ட் பார்க்கிங்கில காலமை தொடக்கம் ஆரோ ஒரு வெள்ளை வான் நிக்குது. புளூ பேட்ஜும் (ஏலாத ஆக்களுக்குத் தாற பார்க்கிங் அட்டை) இல்லை ஒண்டும் இல்லை. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வாற வண்டி றோட்டு முடிவில நிக்குது, நான் சக்கர நாற்காலியை மழைக்குள்ள தள்ளிக்கொண்டு போறன். அந்த வானைப் பற்றிக் கவுன்சிலுக்கு அறிவிக்க ஒரு ஃபோர்ம் இருக்காம், அதை ஒன்லைனில நிரப்பட்டாம்.