கிட்டில் வரும் பிரேக் லீவரை மாட்டத்தான் வேண்டுமா?

சைக்கிளுக்கு மோட்டார் கிட் வாங்கினால் பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரு ஜோடி பிரேக் லீவரும் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு ஒயர் தொங்கிக்கொண்டு. கொடுத்திருக்கிறார்களே என்று பலரும் ஏற்கெனவே இருக்கும் நல்ல லீவரைக் கழற்றிப் போட்டுவிட்டு இதை மாட்டுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பிரேக்கைப் பிடித்ததும் மோட்டாரை அணைக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் கட்டாயம் வேண்டும், லீவரில் தொங்கும் ஒயர் அதற்குத்தான். ஆனால் அதற்காக பிரேக்கைப் பலிகொடுக்கக் கூடாது.

அந்தச் சுவிட்ச் வண்டியை நிறுத்தாது. லீவரைத் தொட்டதும் மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலருக்குச் சொல்லி மோட்டாரை அணைக்கும், அவ்வளவுதான். அது ஏன் வேண்டும் என்றால், பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சாதாரண சென்சார் உள்ள கிட்டுகளில், மிதிப்பதை நிறுத்தினாலும் மோட்டார் இன்னும் ஒரு கணம் இழுக்கும். கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது அந்த ஒரு கணம் போதும், முன்னால் நிற்பவர் மேல் இடிக்க. மிதிக்காமலே மோட்டாரை ஓடவைக்கும் த்ராட்டில் (கைப்பிடி ஆக்சிலரேட்டர்) இருந்தால் இன்னும் மோசம். அதற்குள் இருக்கும், காந்தத்தை உணரும் ஹால் சென்சாரின் கிரவுண்ட் ஒயர் அறுந்தால் சிக்னல் மேலேறிவிடும். பாதுகாப்பு வசதி இல்லாத கன்ட்ரோலர் அதை முழு த்ராட்டில் என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது கட்-ஆஃப் இல்லையென்றால் பிரேக்கும் மோட்டாரும் மல்லுக்கட்ட வேண்டியதுதான். கால் அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார் வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு.

சரி, கிட் லீவரில் என்ன குறை? கேபிள் இழுக்கும் அளவுதான். சக்கரத்தின் இருபுறமும் நீண்ட கைகள் உள்ள வி-பிரேக்குக்கு நிறைய கேபிள் இழுக்க வேண்டும், ரோடு சைக்கிளின் காலிப்பர் பிரேக்குக்குக் கொஞ்சம் போதும். வி-பிரேக் லீவரைக் காலிப்பரோடு சேர்த்தால் பிடிக்கும்போது கல் மாதிரி இறுக்கமாக இருக்கும், வண்டியோ நிற்காது. மாற்றிச் சேர்த்தால் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும், பிரேக் கட்டை அரைகுறையாகத்தான் பிடிக்கும். ஹைட்ராலிக் டிஸ்க் என்றால் கேபிள் லீவருக்கு வேலையே இல்லை. கியர் ஷிஃப்டரும் லீவரும் ஒன்றாக வரும் வண்டியில் கியரும் போய்விடும். மோட்டார் போட்டால் எடையும் வேகமும் கூடுகிறது. அந்த நேரம் பார்த்து பிரேக்கை மட்டமாக்குவது என்ன கணக்கோ!

இதற்கு வழி தனியாக விற்கும் காந்த சென்சார். லீவரின் உடலில் சென்சார், நகரும் பகுதியில் குட்டிக் காந்தம். லீவரை இழுத்ததும் இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் மாறும், மோட்டார் அணையும். பழைய லீவர் அப்படியே இருக்கும். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் நன்றாகத் துடையுங்கள், கேபிள் டையும் போட்டுவிடுங்கள். பிரேக் கட்டை பிடிப்பதற்கு முன்பே மோட்டார் அணைகிற மாதிரி இடைவெளியைச் சரிசெய்யுங்கள். இதில் பொறுமை வேண்டும், காந்தத்தை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலே மோட்டார் அணையும் இடம் மாறிவிடும். கேபிள் பிரேக்குக்கு கேபிளிலேயே கோர்க்கும் சென்சாரும் கிடைக்கிறது. வாங்குமுன் இரண்டு ஒயரா மூன்று ஒயரா என்று பாருங்கள். இரண்டு என்றால் வெறும் சுவிட்ச். மூன்று என்றால் ஹால் சென்சார். 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல் என்று தனித்தனியாகச் சேர வேண்டும். கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காக உள்ளே ஒயர் வரிசையும் அதேதான் என்று நம்பிவிடாதீர்கள்.

எனக்கு இதில் பிடிக்காத ஒன்று உண்டு. இந்தச் சுவிட்சுகள் பெரும்பாலும் சும்மா இருக்கும்போது மின்சுற்று திறந்தும், பிடித்தால் மூடியும் வேலை செய்பவை. அதாவது ஒயர் அறுந்தால் எந்த அறிகுறியும் தெரியாது, மோட்டார் ஜோராக ஓடும். இரண்டு லீவரும் ஒரே சிக்னலில் சேர்ந்திருப்பதால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துச் சோதித்தால் ஒன்று செத்திருப்பது வெளியே வராது. மோட்டார் சுற்றும் சக்கரத்தைத் தூக்கி, மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு லீவராகத் தொட்டுப் பாருங்கள்.

ஒயர் ஒன்றோடொன்று ஒட்டினாலோ காந்தம் இடம் மாறினாலோ கதை தலைகீழ்: திரை எரியும், பேட்டரி நிறைந்திருக்கும், மோட்டார் அசையாது. உடனே கன்ட்ரோலர் போச்சு என்று புதிது வாங்கப் போகாதீர்கள். இரண்டு பிரேக் கனெக்டரையும் கழற்றுங்கள். மோட்டார் சுற்றினால் கோளாறு அங்கேதான். ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினால் எது என்று தெரிந்துவிடும். அப்புறம் அதைச் சரிசெய்துவிட்டு ஓட்டுங்கள். கழற்றிய கனெக்டரை டேப் சுற்றி மடக்கி வைத்துவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.