எச்சப் பரிசோதனை இன்றிப் புழு மருந்து வேண்டாம்

லெப்பர்ட் கெக்கோ என்னும் செல்லப் பல்லியை வளர்ப்போர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அதற்குக் குடற்புழு மருந்து கொடுத்துவிட வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. ஊசிப்புழுக்கள் சிறிதளவில் இருப்பது நலமாக உள்ள பல்லியிலும் காணப்படுவதே. அவை பெருகி, எடை குறையும்போதுதான் ஃபென்பெண்டசோல் என்னும் புழு மருந்து தேவைப்படும், அதுவும் பெரும்பாலும் நூறு கிராமைத் தாண்டாத அந்த உயிரை நிறுத்துப் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவில்.

கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன கிரிப்டோஸ்போரிடியம்தான் உண்மையில் அஞ்ச வேண்டியது. இது புழுவன்று, குடலின் உட்சுவரில் தங்கும் ஓரணு ஒட்டுண்ணி என்பதால் புழு மருந்து இதனை ஒன்றும் செய்யாது. கொழுப்பைச் சேமித்துத் தடித்திருக்க வேண்டிய வால் குச்சியாய் மெலிந்து, இடுப்பெலும்பு புடைத்துத் தெரிந்தால் முதலில் இதையே சந்தேகிக்க வேண்டும். முழுமையாகக் குணப்படுத்தும் நம்பகமான மருந்து இதற்கு இல்லை. பிளீச்சிங் பவுடர் கரைசலுக்கும் இது எளிதில் அழிவதில்லை. ஆகவே புதிதாக வாங்கிய பல்லியைச் சில மாதங்களேனும் தனிப் பெட்டியில், தனி இடுக்கியும் தனித் தண்ணீர்க் கிண்ணமும் வைத்துப் பராமரிப்பதே மற்றவற்றைக் காக்கும் வழி. குளியலறைக் கரப்பான்பூச்சியைத் தீனியாகக் கொடுப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

பரிசோதனைக்கு எடுக்கும் எச்சம் சென்னை வெயிலில் விரைவில் காய்ந்துவிடும். ஈரம் குறையாத பழுப்புப் பகுதியை மூடியுள்ள சிறு டப்பாவில் இட்டு, உறையவிடாமல் குளிரில் வைத்து, அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஊர்வன பார்க்கும் மருத்துவரிடமோ சேர்ப்பது நல்லது. வழக்கமான புழுப் பரிசோதனையில் கிரிப்டோஸ்போரிடியம் எளிதில் தப்பிவிடும் என்பதால், அதற்கான தனிச் சாயப் பரிசோதனையையோ பிசிஆர் பரிசோதனையையோ கேட்டே செய்துகொள்ள வேண்டும்.