ரெசிஸ்டரைக் கழற்றும் முன் காயிலை அளக்க வேண்டும்
என்ஜின் மாற்றிய பழைய காரில் பேலாஸ்ட் ரெசிஸ்டரை (காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்கும் தடை) கழற்றிவிட்டு, சாவியிலிருந்து இக்னிஷன் காயிலுக்கு (ஸ்பார்க் பிளக்குக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுருள்) நேராக ஒரே ஒயர் இழுத்தால் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது, அந்தக் காயில் சுமார் 3 ஓம் தடை கொண்டதாக இருந்தால் மட்டுமே பொருந்தும். புதுப்பேட்டையில் வாங்கிய என்ஜினை என் அம்பாசடரில் ஏற்றியபோது, அதனுடன் வந்த 1.5 ஓம் காயிலுக்கு மெக்கானிக் இப்படித்தான் இணைப்புக் கொடுத்தார். 4 ஆம்பியர் பாய வேண்டிய இடத்தில் 8 ஆம்பியர் பாய்ந்ததில், இரண்டே வாரத்தில் கத்திப்பாரா மேம்பாலத்தின் மீது வண்டி நின்றுவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் காயிலுக்கான மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் சி.பி. பாயிண்ட் கருகிக் குழி விழுந்திருந்தது, காயிலிலோ கை வைக்க முடியவில்லை. ரெசிஸ்டரே வேண்டாம் என்பவர்கள் மல்டிமீட்டரால் காயிலை அளந்து, 3 ஓம் காயிலாக மாற்றிய பிறகு, ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ரெசிஸ்டரைத் தவிர்த்துக் காயிலுக்கு நேராக மின்சாரம் தர ஸ்டார்ட்டரிலிருந்து வரும் பைபாஸ் ஒயரையும் சேர்த்தே எடுத்துவிடலாம்.