வேலூர் இரவு வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள்

வானிலை முன்னறிவிப்பை வைத்து மின்தடையைக் குறைக்கலாம் என்ற கட்டுரை அருமை. ஆனால் காற்றாலையோடு நின்றுவிட்டது. அது முக்கியம்தான். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், வேகக் கணிப்பு 10 சதவீதம் பிசகினாலே மின்சாரக் கணக்கு ஏறக்குறைய 30 சதவீதம் புரண்டுவிடும். காற்று குறைந்தால் அனல்மின் நிலையம் ஈடுகட்ட வேண்டும்; ஆனால் ஆறிக் கிடக்கும் நிலையத்தை ஓடவைக்கப் பல மணி நேரம் ஆகும். முந்தைய நாளே தெரிந்தால்தான் ஆயத்தமாக முடியும்.

சரி, எங்கள் வேலூருக்கு வாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சுற்றியுள்ள பாறை மலைகள் ராத்திரியிலும் அனல் கக்கும், விடிய விடிய ஏசி ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் ஆறுவதே இரவில்தான். அதற்கும் வழியில்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகாமல் என்ன செய்யும்? பகல் உச்சத்தை மட்டும் பார்த்துத் திட்டமிட்டால் போதாது, இரவு வெப்பநிலை முன்னறிவிப்பும் வேண்டும்.

அப்புறம் கோடை மழை. சாயங்காலம் புழுதிக்காற்று கிளம்பும், புளியமரக் கிளை முறிந்து கம்பியில் விழும். இடிமேகம் எந்த ஊரில் இறங்கும் என்று முதல் நாளே சொல்வது கடினம். ஆனால் ரேடார் படத்தில் ஓரிரு மணி நேரம் முன்பே தெரிந்துவிடும். அந்த நேரத்துக்குள் லைன்மேன்களை அந்தந்தத் துணைமின் நிலையத்தில் தயாராக வைக்கலாம். குடியாத்தம் விசைத்தறிக்காரர்களுக்கும் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) அறுபடாமல் தறியை நிறுத்திக்கொள்வார்கள். மின்வாரியம் இதை இந்தக் கோடையிலேயே தொடங்க வேண்டும்.