அந்தப் பாம்புக்கு ஒரு பெயர் இருந்தது

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு பாம்பும் ஏணியும் ஆடிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஏழு வயது. ஒரு பக்கம் லூடோ, திருப்பினால் பாம்பு ஏணி என்று கடைகளில் கிடைக்குமே, அந்த அட்டைதான். 98 வரை போய்விட்டாள். இன்னும் இரண்டே கட்டம். அங்கே வாயைத் திறந்துகொண்டிருந்த பாம்பு அவளை 28இல் கொண்டுவந்து போட்டது. அழவில்லை. காயைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் என்னம்மா தப்பு பண்ணினேன்? இது எதுக்கு என்னைக் கடிச்சுது?” என்று கேட்டாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். எண்களைத் தவிர அதில் ஒரு சொல்லும் இல்லை. அன்றிலிருந்து இந்தக் கேள்வி மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமான பதிவு.

இதே கேள்வியை என் பாட்டியிடம் கேட்டிருந்தால் பதில் உடனே வந்திருக்கும்.

மார்கழி வைகுண்ட ஏகாதசி அன்று விடியற்காலையில் சொர்க்கவாசல் பார்த்துவிட்டு வந்தால், பகல் முழுக்க விரதம், இரவு முழுக்கக் கண்விழிப்பு. மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சமைக்கும்வரை பெரியவர்கள் படுக்க மாட்டார்கள். குழந்தைகளும் தூங்காமல் இருக்க வேண்டுமே, அதற்காகப் பாட்டி டிரங்குப் பெட்டியிலிருந்து பரமபதப் படத்தை எடுப்பாள். கோயில் வாசலில் விற்கும் மெல்லிய தாள். மடித்த இடமெல்லாம் கிழிந்துபோய், தாத்தா அதைப் பழைய காலண்டர் அட்டையில் சோற்றுப் பசை தடவி ஒட்டியிருந்தார். காய் அவரவர் பாடு. எனக்கு உடைந்த வளையல் துண்டு, அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான், பாட்டிக்கு ஒரு சோழி.

அந்தப் படத்தில் நூற்றுக்கு மேல் கட்டங்கள். எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. கீழ் வரிசைகளில் விலங்குப் பிறவிகள். மேலே போகப் போக மனிதர்கள், தேவர்கள், லோகங்கள். ஏணிகளின் அடியில் பக்தி, ஞானம், வைராக்கியம், சித்தசுத்தி. பாம்புகளின் தலையில் இராவணன், துரியோதனன், கம்சன், இரணியன். பாட்டிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் படம் மனப்பாடம். காய் பாம்பின் வாயில் விழுந்தால் அப்படியே இறங்கிவிட முடியாது. பாட்டி கதையைச் சொல்லி முடிக்கும்வரை காய் அங்கேயே நிற்க வேண்டும். துரியோதனன் வாயில் விழுந்த அண்ணனிடம், “ஊசி முனை அளவு நிலம்கூடத் தரமாட்டேன்னானே, அவன்டா இது. நீ காலையில தங்கச்சிக்குப் பென்சில் தரமாட்டேன்னே இல்ல?” என்பாள். கதை முடிந்ததும் காய் வால்வரை இறங்கும். அண்ணன் முகத்தில் கோபம் இருக்காது, யோசனைதான் இருக்கும்.

உச்சியில் வைகுண்டம். அங்கே பெருமாள் ஆதிசேஷன் மேல் இருப்பார். படம் முழுக்க நம்மை விழுங்குவதும் பாம்பு, கடைசியில் பெருமாளைத் தாங்குவதும் பாம்பு என்பது எனக்கு நாற்பது வயதுக்கு அப்புறம்தான் உறைத்தது. படத்தை வரைந்தவருக்கு அது நிச்சயம் தெரிந்திருக்கும்.

‘பரமபத சோபன படம்’ என்பதுதான் முழுப் பெயர். சோபானம் என்றால் படிக்கட்டு. நம் வாயில் அது சோபனம் ஆகி, மங்கலம் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. வைணவக் குடும்பங்களில் ஒருவர் இறந்துவிட்டால் பரமபதம் அடைந்தார் என்றுதான் சொல்வார்கள். நாங்களோ ஜெயித்தவுடன் “நான் பரமபதம் போயிட்டேன்!” என்று குதிப்போம். பாட்டி எங்கள் தலையைத் தடவி, “நூறு வருஷம் கழிச்சுப் போடி கண்ணு” என்பாள்.

அப்புறம் தாயக்கட்டை. நான்கு பக்கம் கொண்ட இரண்டு நீளப் பித்தளைக் கட்டைகள். பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். இரண்டுமே வெறுமையானால் பன்னிரண்டு! ஒன்றுமில்லாததும் ஒன்றுமில்லாததும் சேர்ந்தால் இருப்பதிலேயே பெரிய எண். இந்தக் கணக்கைச் சின்ன வயதில் நான் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொண்டேன். இப்போது எழுதிப் பார்த்தால், மொத்தம் 16 விதமாகக் கட்டைகள் விழலாம். அதில் தாயம் விழ இரண்டு விதம், பன்னிரண்டு விழ ஒரே விதம், மூன்று விழ நான்கு விதம். சராசரியாக எட்டு உருட்டலுக்கு ஒரு தாயம். தாயம் போட்டால்தான் காய் படத்துக்குள் ஏறும். மற்றவர்கள் பாதி ஏணி ஏறியிருப்பார்கள், ஒருத்தி மட்டும் வெளியே உட்கார்ந்து உருட்டிக்கொண்டே இருப்பாள். “பிறவி எடுக்கவே இவ்வளவு கஷ்டம், பாத்துக்கோ” என்பாள் பாட்டி. ஆறு பக்கப் பகடையில் இந்தக் காத்திருப்பு கிடையாது, எல்லா எண்ணும் ஒரே மாதிரி விழும்.

வருடத்தின் மற்ற நாட்களில் பாட்டி தாயக்கட்டையைத் தொடவே விடமாட்டாள். தாயம் உருட்டினால் வீடு உருப்படாது என்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, தருமன் நாட்டையும் தம்பிகளையும் திரௌபதியையும் தோற்றது கவறு, அதாவது பகடை, உருட்டிய ஆட்டத்தில்தானே. வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே எழுதிக் கவறைக் கண்டித்திருக்கிறார். அதே கவறை எடுத்து, பணயம் எதுவும் வைக்காமல், வைகுண்டத்துக்கு வழி காட்டும் விளையாட்டாக யாரோ மாற்றியிருக்கிறார்கள். இது எவ்வளவு பெரிய காரியம்!

கட்டம் கீறி ஆடுவது நமக்கு மிகப் பழைய பழக்கம். நற்றிணையின் மூன்றாம் பாட்டில் இளங்கீரனார் காட்டும் சிறுவர்கள், வேப்பமரத்தின் புள்ளி நிழலில் உரைகல் போன்ற கட்டம் கீறி நெல்லிக்காய் வைத்து ஆடுகிறார்கள். கீழடியில் பகடைக்காய்களும் சுடுமண் வட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவற்றைக் காட்டி, பரமபதமும் சங்க காலத்திலேயே இருந்தது என்று சொல்லிவிடக் கூடாது. அதைத்தான் அடுத்துச் சொல்ல வருகிறேன்.

ஏகாதசிக்கு ஏகாதசி வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றும். 13ஆம் நூற்றாண்டில் மராட்டியத்துப் பக்திக் கவி ஞானேஸ்வரர் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார், வெள்ளைக்காரன் திருடிக்கொண்டு போனான் என்று. எனக்கு ஞானேஸ்வரர் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவர் காலத்துப் படம் எதுவும் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கும் பழைய படங்கள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டையும் அதற்குப் பிந்திய காலத்தையும் சேர்ந்தவை. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருந்த ஆண்ட்ரூ டாப்ஸ்ஃபீல்டு இவற்றைத் தேடித் தேடி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பழமையைக் கூட்டிச் சொன்னால்தான் பாட்டியின் படத்துக்கு மதிப்பு வரும் என்று நான் நினைக்கவில்லை.

இந்த ஆட்டம் எத்தனை சமயங்களுக்குள் போய் வந்திருக்கிறது என்பதுதான் என்னை அசத்துகிறது. வடக்கே ஞான சௌபட் என்று பெயர். அங்கே வைணவர்களின் படத்தில் 72 கட்டம். ஆனால் வைகுண்டம் கடைசிக் கட்டத்தில் இல்லை, 68இல் இருக்கிறது. சரியான எண் விழாமல் அதைத் தாண்டிப் போனால், 72இல் தமோகுணம் என்ற பாம்பு பூமிக்கு இறக்கிவிடும். எவ்வளவு நுட்பம் பாருங்கள், இறைவனையும் தாண்டி ஓடுகிறவனுக்கு அங்கே ஒரு பாம்பு. சமணர்கள் 84 கட்டங்களில் வரைந்தார்கள். முஸ்லிம்களின் படத்தில் நூறு கட்டம், அதற்கு மேலே இறைவனின் அரியணை. ‘ஃபனா’ என்ற கட்டத்திலிருந்து ஓர் ஏணி நேரே அரியணைக்குப் போகும். தன்னை இழந்து இறைவனில் கரையும் நிலைக்கு சூஃபிகள் வைத்த பெயர் அது. நேபாளத்தில் இதற்கு நாகபாசம் என்று பெயர். அங்கே ஏணிக்குப் பதிலாக ஏற்றிவிடுவதற்கும் ஒரு பாம்பு, சிவப்புப் பாம்பு. திபெத்தில் இதே போன்ற ஓர் ஆட்டத்தைச் சாக்கிய பண்டிதர் என்ற பௌத்த அறிஞரின் பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்கள். ஒரே மாதிரிக் கட்டங்கள், ஒரே மாதிரி உருட்டல். ஒவ்வொருவரும் தங்கள் சொற்களைக் கட்டங்களில் எழுதிக்கொண்டார்கள். இதில் யார் யாரிடமிருந்து திருடினார்கள் என்று கேட்பது எனக்கு அற்பமாகத் தெரிகிறது.

வெள்ளைக்காரர் கைக்குப் போன வழியும் ஓரளவு தெரியும். 1831இல் ராபர்ட்சன் என்ற அதிகாரி லண்டனில் உள்ள ராயல் ஏசியாட்டிக் சொசைட்டிக்கு ஒரு படத்தைக் கொடுத்தார். அதற்கு ‘சாஸ்திரிகளின் சொர்க்க நரக ஆட்டம்’ என்று பெயர் போட்டிருந்தார்கள். 1890களில் அங்கே கடைகளில் பாம்பும் ஏணியும் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆரம்பத்தில் அவர்களும் பெயரை விட்டுவிடவில்லை. சிக்கனம் என்ற ஏணி நிறைவுக்கும், உழைப்பு என்ற ஏணி வெற்றிக்கும் ஏற்றிவிட்டன. சோம்பல் வறுமைக்கும், கீழ்ப்படியாமை அவமானத்துக்கும் இறக்கின. பாட்டியின் ஏணி உலகத்தைவிட்டே வெளியே போகும். அவர்களுடைய ஏணி உலகத்துக்குள்ளேயே மேல்மாடிக்குப் போனது. நம் படங்களில் பாம்புகள் ஏணிகளைவிட அதிகம், ஏறுவது அரிது, விழுவது சுலபம். அங்கே இரண்டையும் சமமாக்கிவிட்டார்கள். குழந்தைகள் மனம் நோகக் கூடாது என்று நினைத்திருக்கலாம், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்கள் உதிர்ந்து எண்கள் மட்டும் மிஞ்சின. அப்படி உதிர்ந்த அட்டைதான் சுற்றி வந்து நம் கடைகளில் விற்கிறது. அமெரிக்காவில் 1943இல் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பை எடுத்துவிட்டுப் பூங்காவின் சறுக்குமரத்தை வைத்தது. ஆனாலும் காரணத்தை அவர்கள் விட்டுவிடவில்லை. பிஸ்கட் ஜாடியை எட்டப்போன பையன் சறுக்கி விழுகிறான், நல்லது செய்த குழந்தை ஏணியில் ஏறுகிறது. ஏன் விழுந்தோம் என்று அந்த ஊர்க் குழந்தைக்குப் படத்தைப் பார்த்தாலே தெரியும். இந்த ஆட்டம் பிறந்த மண்ணில் இருக்கும் என் மகளுக்குத் தெரியவில்லை. என் வருத்தமெல்லாம் இதுதான்.

யோசிக்க எதுவுமே இல்லாத ஆட்டம், வெறும் அதிர்ஷ்டம், இதற்குப் போய் இவ்வளவா என்று என் தோழி கேட்டாள். யோசிக்க எதுவும் இல்லை என்பதால்தான் நான்கு வயதுக் குழந்தையும் எண்பது வயதுப் பாட்டியும் சமமாக உட்கார முடிகிறது. பாட்டி வேண்டுமென்றே தோற்க வேண்டியதில்லை. தாயத்திலும் லூடோவிலும் அடுத்தவர் காயை வெட்ட வேண்டும், வெட்டினால் இன்னொரு உருட்டு கிடைக்கும், அதனால் வெட்டத் தேடுவோம். பரமபதத்தில் யாரும் யாரையும் வெட்ட முடியாது. என்னை இறக்குவது நான் விழுந்த கட்டம் மட்டும்தான். எவ்வளவு கீழே போனாலும் காய் படத்தைவிட்டு வெளியேறாது, அடுத்த உருட்டலில் மறுபடி நகரும். கூட ஆடுகிறவர் மேல் பகை வராத ஒரு பந்தய ஆட்டம் வேறு எனக்குத் தெரியவில்லை.

போன புதன்கிழமை நானும் மகளும் சார்ட் பேப்பர் வாங்கிவந்து ஒரு படம் வரைந்தோம். பழைய பெயர்கள் எல்லாவற்றையும் அப்படியே வைக்கவில்லை. இரணியனும் துரியோதனனும் இருக்கிறார்கள். ‘பொய்ச் சத்தியம்’, ‘பக்கத்து வீட்டு நாயைக் கல்லால் அடித்தல்’ இரண்டும் அவள் வைத்த பாம்புகள். ஏணிகளுக்குப் பெயர் வைப்பதுதான் சிரமமாக இருந்தது. தப்பு செய்வதற்குச் சட்டென்று பதினைந்து பெயர் சொன்னவள், நல்லதுக்கு நெடுநேரம் யோசித்தாள். கடைசியில் ‘கேட்காமலே உதவி’ என்று எழுதி, அதற்கே மிக நீளமான ஏணியை வரைந்தாள்.

ஆட ஆரம்பித்ததும் அடுத்த கேள்வி வந்துவிட்டது. “கட்டை அப்படி விழுந்துச்சு. அதுக்கு நான் எப்படிம்மா பொய் சொன்னவளா ஆவேன்?” பெரிய பெரிய ஞானிகள் மல்லுக்கட்டிய கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், அவளுக்குத் திருப்தியில்லை. இரவு சாப்பிடும்போதும் அதையே கேட்டாள். எண்கள் மட்டும் இருந்த அட்டையில் ஆடி முடித்த பிறகு அவள் ஒருநாளும் ஆட்டத்தைப் பற்றிப் பேசியதில்லை.

ஓர் உதவி வேண்டும். பாட்டியின் படம் இப்போது எங்களிடம் இல்லை. வீடு மாறியபோது டிரங்குப் பெட்டியோடு போய்விட்டது. உங்கள் வீட்டில் பழைய பரமபதப் படம் இருந்தால் பிரித்து வைத்து ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். மடிப்பில் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கட்டங்களில் உள்ள எழுத்து தெரிந்தால் போதும். குறிப்பாக வைகுண்டத்துக்கு முந்தின வரிசை. அங்கே ஒரு நீளமான பாம்பு உண்டு, பாட்டி அதன் வாயில் விழும்போதெல்லாம் கதை சொல்லாமல் சிரித்துக்கொண்டே சோழியை அடிவரை இறக்குவாள். அதன் தலையில் என்ன பெயர் எழுதியிருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.