'மரண வியாபாரி இறந்தார்' என்ற படத்தை இனிமேலாவது அனுப்பாதீர்கள்

பழைய செய்தித்தாள் தலைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனால் பின்னால் என்னவெல்லாம் நடந்தது என்று கற்பனையாக எழுதிச் சிரிக்க வைப்பவர்கள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அது நல்ல விளையாட்டு, நானும் ரசித்துப் படிப்பவன்தான். என் கோபமெல்லாம், 'முழுக்கக் கற்பனை' என்று அடியில் போட்டிருக்கும் வரியை வெட்டி எறிந்துவிட்டு மீதியை வரலாறு என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறவர்கள் மீதும், அதை நம்பி மேடையேறி முழங்குகிறவர்கள் மீதும்தான்.

எங்கள் குடும்பக் குழுவில் மாதம் தவறாமல் வருவது ஆல்ஃபிரட் நோபல் கதை. டைனமைட்டைக் கண்டுபிடித்த அவர், உயிரோடு இருக்கும்போதே தன் மரணச் செய்தியை ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் படித்து, மனம் திருந்தி நோபல் பரிசுகளை ஏற்படுத்தினாராம். ஓரம் கருகியதுபோல் பழுப்பேற்றிய ஒரு தாள். 1888 என்று ஒரு தேதி. நடுவில் கொட்டை எழுத்தில் 'மரண வியாபாரி இறந்தார்' என்று தமிழிலேயே தலைப்பு. பிரான்சில் வெளிவந்த பத்திரிகை தமிழில் எப்படி அச்சானது என்று அனுப்புகிறவர் ஒருவர்கூட யோசிப்பதில்லை. அதன் கீழே விளைவுகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒரு பதிப்பில் நோபலின் கையிலிருந்து காப்பிக் கோப்பை நழுவி விழுகிறது. இன்னொன்றில் இரவு முழுவதும் தேம்பி அழுதவர் பொழுது விடிந்ததும் வக்கீலை வரவழைத்து உயில் எழுதுகிறார். அண்மையில் வந்ததில், அன்றைக்கே தன் வெடிமருந்துத் தொழிற்சாலைகளை எல்லாம் இழுத்துப் பூட்டிவிடுகிறார். ஆளுக்கொரு வரி சேர்த்துக்கொண்டே போனால் இதற்கு முடிவுதான் ஏது?

நடந்தது என்ன? 1888 ஏப்ரலில் கேன்ஸ் நகரில் இறந்தவர் ஆல்ஃபிரட்டின் அண்ணன் லுட்விக். பாரிஸின் லே ஃபிகாரோ பத்திரிகை ஆளை மாற்றிப் புரிந்துகொண்டு, மனிதகுலத்துக்கு நன்மை செய்தவர் என்று எளிதில் சொல்லிவிட முடியாத ஒருவர், டைனமைட்டைக் கண்டுபிடித்த நோபல், காலமானார் என்று ஒரு சிறு குறிப்பை வெளியிட்டது. அவ்வளவுதான். 'மரண வியாபாரி' என்ற தலைப்புள்ள மூலத் தாளை இதுவரை யாரும் எடுத்துக் காட்டியதில்லை. அதைப் படித்துத்தான் மனம் மாறினேன் என்று நோபல் எழுதிய கடிதம் எதுவும் கிடைத்ததும் இல்லை. பரிசுகளுக்கு அடிப்படையான உயிலில் அவர் கையெழுத்திட்டது 1895 நவம்பர் 27-ஆம் தேதி, அதாவது ஏழு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அதற்கு இடையில், 1894-இல், அவர் விலைக்கு வாங்கியது எதை என்று நினைக்கிறீர்கள்? ஸ்வீடனின் போஃபர்ஸை. ஆம், நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த அதே பீரங்கி போஃபர்ஸ்! ஒரே இரவில் ஆயுதங்களை வெறுத்துத் திருந்தியதாக நீங்கள் மேடையில் கண்ணீர் மல்கச் சொல்லும் மனிதர், ஆறு ஆண்டு கழித்துப் பீரங்கித் தொழிற்சாலை வாங்கியிருக்கிறார் என்பதை எந்தப் படத்தில் போட்டீர்கள்?

இவை எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாத கோபம் வேறொன்று. பெர்த்தா ஃபான் சுட்னர் என்று ஒரு பெண்மணி இருந்தார். 1876-இல் நோபலிடம் செயலாளராக வந்து, சில நாட்களிலேயே வேலையை விட்டுச் சென்றவர். ஆனாலும் நோபல் சாகும்வரை இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நிற்கவில்லை. போருக்கு எதிராக எழுதியும் பேசியும் ஐரோப்பா முழுவதும் அலைந்த அவர், அமைதி இயக்கத்துக்கு நோபலிடமிருந்து பணம் வாங்கினார், வாதாடினார், விடாமல் வற்புறுத்தினார். அமைதிக்காக ஒரு பரிசு ஏற்படுத்தும் எண்ணத்தை 1893 ஜனவரியில் நோபல் எழுதிச் சொன்னது இவருக்குத்தான். 1905-இல் அதே அமைதிப் பரிசு இவருக்கே கிடைத்தது. ஒரு பெண் ஆண்டுக்கணக்கில் பொறுமையாக எழுதிய கடிதங்களை அழித்துவிட்டு, அந்த இடத்தில் யாரும் பார்த்திராத ஒரு தலைப்பை ஒட்டி வைத்திருக்கிறீர்கள். இது அநியாயம் இல்லையா?

"எந்தப் பத்திரிகை மாமா, என்ன தேதி?" என்று குழுவில் பணிவாகத்தான் கேட்டேன். "கருத்து நல்லா இருக்குல்ல மாப்ள, அதைப் பாரு, சும்மா நோண்டாதே" என்று பதில் வந்தது. அதற்குக் கீழே ஏழெட்டுக் கைகூப்பல்கள் வேறு. கருத்து நல்லதாக இருந்தால் பொய்யைச் சொல்லலாம் என்று யார் உங்களுக்கு அனுமதி கொடுத்தது? இந்தப் படத்தைத்தான் பிள்ளைகள் பேச்சுப்போட்டிக்கு அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். கைதட்டலும் கோப்பையும் வாங்கிய பிறகு, அது தவறு என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல யாருக்கு மனம் வரும்?

நோபலோடு நின்றாலும் பரவாயில்லை. 1938 அக்டோபர் 30-ஆம் தேதி ஆர்சன் வெல்ஸ் ஒலிபரப்பிய செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு வானொலி நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே தெருவுக்கு ஓடியது என்றும், பலர் மாடியிலிருந்து குதித்துச் செத்தார்கள் என்றும் ஒரு படம் வருகிறது. மறுநாள் பத்திரிகைகள் 'பீதி' என்று பெரிதாகத் தலைப்புப் போட்டது உண்மை. ஆனால் அன்றிரவு கணக்கெடுப்பில் கேட்கப்பட்டவர்களில் அந்த நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சுமார் 2 சதவீதம்தான். பெரும்பாலான நேயர்கள் வேறு நிலையத்தின் நகைச்சுவை நிகழ்ச்சியில் இருந்தார்கள். தங்கள் விளம்பர வருவாயை வானொலி பறித்துக்கொண்டிருந்த எரிச்சலில் இருந்த பத்திரிகைகள், சிலருக்கு ஏற்பட்ட பயத்தை நாடு தழுவிய பீதியாக ஊதிவிட்டன. மாடியிலிருந்து குதித்தவர்களோ, பின்னால் வந்தவர்கள் சேர்த்துவிட்டவர்கள்.

லே ஃபிகாரோவின் பழைய இதழ்களை பிரெஞ்சு தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஒரு படத்தை இருபது குழுக்களுக்கு அனுப்ப நேரம் இருக்கிறவர்களுக்கு, பத்திரிகையின் பெயரையும் தேதியையும் தேடிப் பார்க்கவும் நேரம் இருக்கும். தேடிக் கிடைக்காவிட்டால் 'இது கற்பனை' என்று மேலே ஒரு வரி எழுதிவிட்டு அனுப்புங்கள். சிரிப்பதற்கு நானும் வருகிறேன். பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியர்களை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: அடுத்த முறை நோபலைப் பற்றி எழுதிக் கொடுக்கும்போது, அந்தக் காப்பிக் கோப்பையை எடுத்துவிட்டு, சுட்னரின் பெயரைச் சேர்த்துக் கொடுங்கள்.